மின்விசிறிக்கும் பெடல் ஸ்டீலுக்கும் நடுவில் ஒரு ஆம்ப்

போன வாரம் சர்ச்சில் கித்தார் வாசிக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். புதிதாக லாப் ஸ்டீல் வாங்கியிருக்கிறானாம். மடியில் வைத்து, கம்பிமேல் ஸ்டீல் பாரை வழுக்கி வாசிக்கும் கித்தார் அது; சத்தம் வெளியே வர ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டும். "அண்ணா, வீட்டுல பிராக்டிஸ் பண்ண 15 வாட் ஆம்ப் போதும்ல?" என்றான். போதாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பத்துக் கம்பி பெடல் ஸ்டீல். அதே வகைதான், ஆனால் காலில் நிற்கும்; கம்பியின் சுருதியைப் பெடலாலும் முட்டியாலும் மாற்றலாம். ஈ9 என்ற சுருதி அமைப்பு, மூன்று பெடல், நான்கு முட்டி லீவர். அமெரிக்காவிலிருந்து ஊருக்கே திரும்பிவிட்ட பெரியப்பா மகன் வீட்டுச் சாமான்களோடு கப்பலில் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தது. நான் பெரம்பூரில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அங்கிள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் ரெக்கார்டு போடுவார். அதில் ஸ்டீல் வழுக்கிக்கொண்டு போகும் சத்தம் அப்போதே காதில் ஒட்டிக்கொண்டது.

முதலில் வாங்கியது 10 வாட் ஆம்ப், ஆறரை அங்குல ஸ்பீக்கர். சாதாரண கித்தாருக்கு அது நல்ல பெட்டிதான். ஸ்டீலுக்கு ஒத்துவரவில்லை, காரணம் வால்யூம் பெடல், அதாவது காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடல். ஸ்டீல் வாசிக்கிறவர் அந்தப் பெடலை முழுக்க மிதித்துக்கொண்டு வாசிப்பதில்லை. பாதியில் வைத்துக் கம்பியை மீட்டுவோம். நாதம் தேயத் தேய, கால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே போகும். தேய்வதைக் கால் ஈடுகட்டுவதால்தான் ஒரு ஸ்வரம் அத்தனை நேரம் நிற்கிறது. அப்படியென்றால் ஆம்பில் எப்போதும் கையிருப்பு இருக்கவேண்டும். 10 வாட்டில் அது கிடையாது. இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டிவிட்டுப் பெடலை அழுத்தினால் கரகரவென்று உடைந்துவிடும். 15 வாட்டும் அதே கதைதான். வாட்டை இரண்டு மடங்காக்கினாலே கூடுவது 3 டெசிபல்தான். 10-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் காதுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. ஸ்டீலுக்கு வாட் கேட்பது சத்தத்துக்காக இல்லை தம்பி, ஸ்வரத்தின் கடைசிப் பகுதிக்காக.

உடைந்த சத்தம் ராக் கித்தாருக்கு அழகு. ஸ்டீலில் அது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஸ்டீல்காரர்கள் பலர் மேஜர் கார்டின் காந்தாரத்தைக் கீபோர்டில் இருக்கும் இடத்தில் வைப்பதில்லை, இறக்கி வைப்பார்கள். கணக்குப்படி சுத்தமான காந்தாரம் கீபோர்டு காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே, அதாவது அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு கீழே. தம்புராவை மீட்டிவிட்டுச் சும்மா இருந்தால் ஸட்ஜத்திலிருந்து தானாக எழுகிறதே சுயம்பு காந்தாரம், அந்த இடம்தான் அது. நம் சித்ரவீணையிலும் வீணையில் இருப்பது போல ஸ்வரத்துக்கு ஸ்வரம் மெட்டு கிடையாது, கம்பிமேல் வழுக்கும் கட்டை போய் நிற்கும் இடம்தான் ஸ்வரம். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்டீலில் அந்தக் காந்தாரம் சேரும்போது உடம்பு சிலிர்க்கும். ஆம்ப் கரகரத்தால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அமெரிக்காவில் ஸ்டீல்காரர்கள் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் என்ற ஆம்ப் வைத்திருப்பார்கள், 85 வாட். இல்லையென்றால் பீவி நாஷ்வில் 112, 80 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். நான் ஏறி இறங்கிய கடைகளில் இரண்டும் இல்லை. அங்கிருந்து யாராவது கொண்டுவந்தாலும் 120 வோல்ட் ஆம்புக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதனால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த ஒருவரிடம் பழைய கீபோர்டு ஆம்ப் வாங்கினேன். 60 வாட், 12 அங்குலம், மேலே உச்ச ஒலிக்கென்று ஒரு சின்ன ட்வீட்டர். ஒன்பதாயிரம் ரூபாய். மூன்று வருடமாகிறது.

சத்தம் எப்படி என்றால், சுத்தம். பெடலை முழுக்க அழுத்தினாலும் உடைவதில்லை. தாழ்ந்த ஒலியுள்ள பத்தாம் கம்பி வயிற்றில் கேட்கும். உச்ச ஒலியுள்ள மூன்றாம் கம்பி, பழைய ஆம்பில் தகரம் மாதிரி கீச்சிட்டது, இதில் குழந்தைக் குரல் மாதிரி வரும். இரண்டு வேலை மட்டும் செய்தேன். கீபோர்டு ஆம்பின் லைன் இன்புட்டில் ஸ்டீலை நேராகச் செருகினால் பிக்கப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வரும் உச்ச ஒலி எல்லாம் அமுங்கி, கம்பளி போர்த்தியது போல ஆகிவிடும். ஒரு டிஎல்072 ஐசி, நாலு ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி வைத்து நடுவில் அந்த அமுக்கத்தைத் தடுக்கும் பஃபர் என்ற ஒரு சின்ன சர்க்யூட் செய்து வைத்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் ட்வீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டேன், ஏனென்றால் ஸ்டீல் பார் கம்பியில் உரசும் சத்தத்தை அது ஒன்றுவிடாமல் காட்டிக்கொடுத்தது. நடு ஒலியில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்தால் போதும், மூக்கடைத்த குரல் போய்விடும். பீவி ஆம்ப் வைத்திருக்கும் ஸ்டீல்காரர்கள் வழக்கமாகச் செய்வது அது.

இவ்வளவு நல்ல ஆம்போடு இரண்டு வருடம் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இரைச்சல். ஆழமான உறுமல் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இது வண்டு மாதிரி ஊசியாக, வாசிக்காத நேரத்திலும் கூடவே இருக்கும். மார்கழியில், சபாக் கச்சேரி கேட்டுவிட்டு வந்து ஆசையாக உட்காரும் நேரத்தில், உச்சத்துக்குப் போகும். மே மாதத்தில் ஏறக்குறைய இருக்காது. கடல் காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து மூன்றாவது தெரு. கம்பி இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கும் இடம், ஆம்புக்குள் என்ன ஆகியிருக்குமோ என்ற பயம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முதல் கடையில் ஃபில்டர் கெபாசிட்டர் எல்லாம் மாற்றி ஆயிரத்து இருநூறு வாங்கினார்கள். வீட்டில் போட்டால் அதே வண்டு. அடுத்த வருடம் வேறு கடை. அங்கே இருந்த பெரியவர் ஆம்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். "சார், இதுல ஒண்ணுமே இல்ல. காசு வேணாம். உங்க வீட்டைப் பாருங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

அதே மார்கழியில் ஒரு ராத்திரி. ஸ்டீல் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், வண்டு கத்துகிறது. என் மனைவி உள்ளே வந்து, குளிர்கிறது என்று ஃபேன் ரெகுலேட்டரைக் குறைத்தாள். குமிழ் திரும்பத் திரும்ப இரைச்சலின் குரலும் கூடவே மாறியது. "நிறுத்து, இன்னொரு தடவை திருப்பு" என்றேன். கூட்டினால் தணிந்தது, குறைத்தால் ஏறியது, ஃபேனை அணைத்ததும் அறை அமைதியாகிவிட்டது. கை பாரில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதிரி வழவழவென்று திரும்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தின் அலையை நொடிக்கு நூறு தடவை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு கூர்மையான துடிப்பு. ஸ்டீலின் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும், அது ஏரியல் மாதிரி எல்லாவற்றையும் பிடித்து ஆம்புக்கு அனுப்பிவிடும். கித்தார்காரர் என்றால் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து தப்பிக்கலாம். நான்கு காலில் நின்று, பெடலுக்கு ராடு மாட்டிய பெடல் ஸ்டீலை எங்கே திருப்புவது? மே மாதத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், வெட்டு இருக்காது. மார்கழியில் இரண்டில் ஓடும். இரண்டு வருடப் புதிருக்கு அவ்வளவுதான் விடை. கெபாசிட்டர் வைத்த, டக் டக்கென்று நம்பர் நம்பராகத் திரும்பும் ரெகுலேட்டர் ஒன்று மாட்டினேன். வண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது லேசான ஒரு உறுமல், வாசிக்கத் தொடங்கினால் மறந்துபோகும்.

ஆக, ஆம்ப் மேல் ஒரு தப்பும் இல்லை. ரிச்சி தெருப் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். ஆனாலும் தம்பி, இந்த மாதிரி ஆம்ப் வாங்கு என்று உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு கிலோ. பஃபர், பேட்டரி என்று கூடவே ஒரு குடும்பம். ஹெட்போன் ஓட்டை கிடையாது, ராத்திரி பத்துக்கு மேல் நான் வெறும் கம்பியைத்தான் கேட்கிறேன். எல்லாம் சரியான பிறகும் ஏதாவது ஒரு சின்னச் சத்தம் வந்தால் இன்னும் என் கை முதலில் அதன் முதுகுக்குத்தான் போகிறது. மூன்று வருடம் அருமையாகப் பாடிய பெட்டி, இன்னொரு தடவை வாங்குவேனா என்றால் மாட்டேன்.

நீ நேராகக் கித்தார் செருகும் 50 வாட் ஆம்பாகப் பார். 12 அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் வசதி. கடைக்கு உன் லாப் ஸ்டீலையும் வால்யூம் பெடலையும் எடுத்துக்கொண்டு போ, கடைக் கித்தாரில் கேட்டு முடிவு செய்யாதே. பெடலைப் பாதியில் வை, மேல் கம்பி இரண்டைச் சேர்த்துப் பலமாக மீட்டு, உடனே முழுக்க அழுத்து. உடைந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடு.

அதற்கு முன்னால் ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வா. 10 வாட் பெட்டியை இன்னும் பரணில் வைத்திருக்கிறேன், இறக்கி வைக்கிறேன். இரண்டிலும் அந்தக் காந்தாரத்தை நீயே மீட்டிக் கேள். ஃபேன் இரண்டாம் நம்பரில் ஓடட்டும்.