பேஸ் பிளேட்டுக்கு அடியில் காலி இடம்: எபாக்சி ஏற்றுவதா, கொத்தி எடுப்பதா?

இயந்திரத்தையோ தூணையோ தாங்கும் எஃகுத் தட்டுதான் பேஸ் பிளேட்; அதற்கு அடியில் ஊற்றி நிரப்பும் சிமென்ட் கலவைதான் கிரவுட். கிரவுட் இறுகிய பிறகு பேஸ் பிளேட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அடியில் நிறைந்திருந்தால் அடங்கிய சத்தம் வரும். காலியாக இருந்தால் வெறும் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஆழத்தைச் சத்தம் சொல்லாது. ஒரு சின்னத் துளை போட்டுக் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆழம் சில மில்லிமீட்டர்தான், பிளேட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது என்றால் எபாக்சி (இறுகும் பிசின்) ஏற்றுவதுதான் என் தேர்வு. வட்டத்தின் ஒரு முனையில் துளையிட்டு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன்னை மாட்டும் சின்ன முனை) பொருத்தி, மறுமுனைத் துளையைக் காற்று வெளியேறத் திறந்துவிட்டு, நீர்த்த எபாக்சியை கிரீஸ் கன்னால் மெல்ல ஏற்றவேண்டும். மறுமுனையில் குமிழி இல்லாமல் வரும்வரை பொறுமை தேவை. இங்கே அவசரம்தான் பெரிய ஆபத்து. 60 செ.மீ. சதுர பிளேட்டின் அடி முழுக்க 1 பார் அழுத்தம் பரவினாலே சுமார் 3.7 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். பிளேட்டின் மேல் சீராக அலைன் செய்து வைத்த பம்ப்பின் நேர்நிலை அதில் கெட்டுவிடும். அதனால் பிளேட்டின் மேல் நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, முள் அசைந்தால் உடனே நிறுத்துங்கள்.

எபாக்சிக்கும் எல்லை உண்டு. மணல் கலக்காத எபாக்சியின் விறைப்பு சிமென்ட் கிரவுட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மெல்லிய படலமாக இருக்கும்போது அது பெரிதல்ல. தடிமனாக ஊற்றினால் இறுகும்போது சூடேறும், சுமையில் நாளடைவில் அமுங்கவும் செய்யும். அப்புறம், உள்ளே எண்ணெய் கசிந்திருந்தால் ஒட்டவே ஒட்டாது.

காலி இடம் விளிம்பில், கை எட்டும் தூரத்தில் இருந்தால் எபாக்சி பக்கம் போகவே வேண்டாம். தளர்ந்த கிரவுட்டைச் சின்ன உளியால் கொத்தி எடுத்து, நன்றாக ஊறவைத்து, தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, ஈரமண் பதத்தில் பிசைந்த சிமென்ட்-மணல் கலவையான டிரை பேக்கை மெல்லிய அடுக்குகளாக இடித்து நிரப்பலாம். இடிக்க இடம் இல்லையென்றால் நான்-ஷ்ரிங்க் (இறுகும்போது சுருங்காத) கிரவுட்டை ஒரே பக்கத்திலிருந்து மட்டும் ஊற்றுங்கள். முதல் தடவை இரு பக்கமும் ஊற்றிக் காற்றை நடுவில் அடைத்ததால்தான் பல இடங்களில் இந்தத் தொல்லையே வருகிறது. நான்-ஷ்ரிங்க் கிரவுட் சுருங்காமல் இருக்கும், அவ்வளவுதான். சிக்கிய காற்றை வெளியேற்றாது.

பிளேட்டில் பெரும்பகுதி சாக்பீஸ் வட்டங்களுக்குள் வந்துவிட்டால், அல்லது துளையிலிருந்து பொடிப்பொடியாக நுரை கிரவுட் வந்தால், முழுதாக எடுத்துவிட்டு மறுபடி ஊற்றுவதுதான் வழி. நுரைக்குள் எபாக்சி ஊறிப் போகாது. அதன் மேல் ஏற்றினால் பலவீனமான அடுக்கு அப்படியே தங்கிவிடும். செலவும் நாளும் கூடும், சரி. ஆனால் அதிரும் இயந்திரத்துக்கு அடியில் இதில் சமரசம் செய்ய எனக்கு மனம் வராது. தூண் என்றால், கொத்தும் முன் சுமையை முட்டுக்கொடுத்துத் தாங்குவது எப்படி என்று வடிவமைத்த பொறியாளரிடம் கேட்டே ஆகவேண்டும்.

எந்த வழியில் சரிசெய்தாலும், இறுகிய பின் அதே சுத்தியலால் மறுபடி தட்டிப் பாருங்கள். எபாக்சி ஏற்றிய இடத்தில் இது இன்னும் முக்கியம்: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வெற்றிடங்களுக்குத் தனித்தனித் துளைகள் வேண்டும். ஒன்று நிரம்பியதால் அடுத்ததும் நிரம்பியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.