கண்டியில் தலைக்குப் புள்ளி வைத்துக்கொண்ட கதை: எந்தக் கறுப்பு பொருந்தும்?

வழுக்கை விழுந்த தலையில் மிக நுண்ணிய ஊசியால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வைத்து, ஒட்ட வெட்டிய முடி போலத் தோன்றச் செய்யும் ஸ்கேல்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்ற முறையை இவ்வருடம் கண்டி நகரில் உள்ள ஒரு நிலையத்தில் செய்துகொண்டேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிலையத்தின் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். வலி, செலவு, நாட்கள் பற்றியெல்லாம் பலரும் விசாரிக்கிறார்கள். உண்மையில் இந்த வேலை நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் நிறத்தைத் தெரிவுசெய்யும் அந்த அரைமணி நேரத்தில்தான் என்பது என் அனுபவம்.

நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருக்கிறேன். வயது 47. நாள்தோறும் வெள்ளைக் கோப்பைகளில் தேநீரின் சாயம் பார்ப்பவன் என்பதால், நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன பாடம். ஆகவே அந்த நிலையத்தில் டியூப் லைட் வெளிச்சத்தில் நிற அட்டையை நீட்டியபோதே எனக்கு ஒப்பவில்லை. அட்டை வெள்ளைக் கடதாசியில் அச்சிடப்பட்டது. அதிலிருந்த மாதிரித் தலைகள் அனைத்தும் வெளிறிய தோலுடையவை. என் மாநிறத் தோலின் மேல் அதே நிறம் எப்படித் தெரியும் என்பதற்கு அந்த அட்டையில் விடை இல்லை. சாயம் மேல்தோலுக்குக் கீழே அமர்கிறது; நாம் பார்ப்பது நம்முடைய தோலின் நிறத்தினூடாகத் தெரியும் சாயத்தைத்தான். எனவே வெளிறிய தோலில் உறைத்துத் தெரியும் ஒரு சாம்பல் நிறம், கறுத்த தோலில் இருக்கும் இடம் தெரியாமல் போகக்கூடும்.

நல்ல வேளையாக, வேலை செய்யும் தம்பி விடயம் தெரிந்தவர். அட்டையை நான் தள்ளி வைத்ததும் அவரும் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, என்னை வெளி விறாந்தைக்கு அழைத்துச் சென்று, கையில் ஒரு கண்ணாடியும் பின்னால் ஒரு கண்ணாடியுமாக வைத்து என் பக்கத் தலையைக் காட்டினார். முதல் தடவை போனபோது முடியை வளரவிட்டு, போதாததற்கு டையும் அடித்துக்கொண்டு போயிருந்தேன். டை போன பிறகு, பக்கங்களைப் பூச்சிய இலக்க மெஷினால் வெட்டி, இரண்டு நாள் விட்டு வரச் சொன்னார். காரணம் எளிது. நீளமான முடியின் கறுப்பு வேறு, தோலோடு ஒட்டி நிற்கும் முளையின் நிறம் வேறு. கதிர்காமத்தில் மொட்டை போட்டு வந்தவரின் தலையை மூன்றாம் நாள் பார்த்திருப்பீர்கள்; அது கறுப்பாக இராது, ஈயச் சாம்பல் போல இருக்கும். புள்ளிகள் பொருந்த வேண்டியது அந்தச் சாம்பலோடுதான். அதனால்தான் இத்தொழிலில் பயன்படும் சாயம் பெரும்பாலும் கரி சார்ந்த ஒரே கறுப்பாக இருந்து, காய்ச்சி வடித்த நீரால் ஐதாக்கப்பட்டுப் பல அளவுகளில் வைக்கப்படுகிறது.

மண்ணிறச் சாயம் வேண்டுமா என்று நானே கேட்டேன், என் முடியில் வெயில் பட்டால் கொஞ்சம் செம்மை தெரியும் என்பதால். அவர் மறுத்துவிட்டார். மண்ணிறச் சாயங்கள் பலவற்றில் பல நிறங்கள் கலந்திருக்கும். அவை ஒரே வேகத்தில் மங்குவதில்லை, சில வருடங்களில் செம்மை மட்டும் எஞ்சிவிடும் என்றார். மறுபக்கத்தில், சாதாரணப் பச்சை குத்தும் மையை ஆழமாக இறக்கினால் நீலம் பாரிக்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் நரம்பு நீலப் பச்சையாகத் தெரிவதைப் போல, தோலின் ஆழத்தில் இருக்கும் கருமை வெளியே நீலமாகத்தான் தெரியும். வேறோர் இடத்தில் மலிவாகச் செய்துகொண்ட என் உறவினர் ஒருவர் இன்றைக்கும் தொப்பியோடு திரிவது இதனால்தான்.

இந்த நிலையத்தில் நான் மிகவும் மெச்சுவது ஒத்திகைப் புள்ளிகளை. உச்சியின் பின்புறத்தில், முடி உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் சந்திக்கும் இடத்தில், பெருவிரல் நகத்தளவில் மூன்று அளவுச் சாயங்களை வைத்துவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள். அன்று மாலை கண்ணாடியில் பார்த்தபோது மூன்றுமே மிளகு தூவியது போல அப்பட்டமாகத் தெரிந்தன. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. “அண்ணே, இன்னைக்குத் தெரியிற கறுப்ப வச்சு முடிவு பண்ணாதீங்க, பொருக்கு விழட்டும்” என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சில நாட்களில் பொருக்கு உதிர்ந்து நிறம் இறங்கியது. பத்தாம் நாள் காலை வாசலில் உட்கார்ந்து, மூன்று இடத்தையும் கண்டுபிடிக்கும்படி என் மனைவியிடம் சொன்னேன். கடுமையானதை உடனே காட்டினார்; ஐதானதைச் சற்றுத் தேடி, அழுக்குப் படிந்தது போல இருக்கிறது என்றார்; நடுவில் இருந்ததை அவரால் காணவே முடியவில்லை. நிறத் தெரிவு அத்துடன் முடிந்தது.

முடிந்தது என்றாலும் முழுத் தலைக்கும் அதே ஒரு நிறம் அல்ல. நெற்றி ஓரத்துக்கு ஒரு படி ஐதாகவும், உச்சிக்கும் பின்புறத்துக்கும் தெரிவுசெய்த அளவிலும் மூன்று அமர்வுகளில் வைத்தார்கள். இயற்கையான நெற்றியோரம் கோடு கிழித்தாற்போல இருப்பதில்லை. என் காதோரங்களில் நரை தொடங்கிவிட்டதையும் கணக்கில் எடுத்தார்கள். இளமையின் கறுப்பை உச்சியில் வைத்துவிட்டால், பக்கங்கள் வெளுக்க வெளுக்கத் தலை தொப்பி கவிழ்த்தது போலாகிவிடும். தவிர, பிறகு கூட்டுவது எளிது. குறைப்பதற்கு லேசர்தான் வழி.

இனிக் குறைகள். அமர்வுக்குப் பிந்திய கவனிப்பு பற்றித் தந்த துண்டுப் பிரசுரம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருந்தது. கண்டியில் தமிழில் ஒரு பக்கம் அச்சிடுவது பெரிய காரியமல்ல. அதிலும் வெயில் பற்றி ஒரே ஒரு வரிதான். மலைநாட்டவருக்கு அது போதாது. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். குளிர்கிறதே என்று நாம் வெயிலை மறந்துவிடுகிறோம். சாயத்தை மங்கச் செய்வதோ வெப்பம் அல்ல, அந்தக் கதிர்தான். முதல் மாதம் முழுவதும் தொப்பியில்லாமல் நான் தேயிலை மலைக்குப் போகவில்லை. தேங்காயெண்ணெய்யையும் விட்டுவிட்டேன், பளபளக்கும் தலையில் எத்தனை நல்ல புள்ளியும் பொய்யென்று காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளத்தை நெருங்கியது. ஒவ்வோர் அமர்விலும் ஊசியை என் கண் முன்னே புதிய உறையிலிருந்து பிரித்தார்கள், கையுறை மாற்றினார்கள். அந்த வகையில் கொடுத்த பணத்துக்குக் குறை சொல்வதற்கில்லை. வலக் காதுக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு நிறம் மற்ற இடங்களைவிடக் கூடுதலாக மங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவதாலோ என்னவோ. அதைச் சரிசெய்ய அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், மேலதிகக் கட்டணம் இல்லை என்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதி ஒப்பமிட்டும் தந்திருக்கிறார்கள். இம்முறை காலை பத்து மணிக்கு நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். விறாந்தையில் வெளிச்சம் நன்றாக விழும் நேரம் அது.