ரின் நம்பரும் ஒரு பிஸ்கற் ரின்னும்: மூன்று வருட வருமான வரி அனுபவம்

2023 நவம்பர் 29 இரவு. வெளியே அடைமழை, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மேசை லாச்சி மூன்றையும் நிலத்தில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, நிலையான வைப்பின் வட்டிச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தேன். விடிந்தால் வருமான வரிப் படிவம் அனுப்பக் கடைசித் திகதி. மனுசி ரோர்ச் பிடித்தபடி, "வந்த அண்டைக்கே உதுகளை ஒரு இடத்தில வைச்சிருந்தா இந்தப் பாடு வருமே?" என்றாள். கடைசியில் அது சாமியறைப் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது.

படிவம் நேரத்துக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே மனுசி காலியான கிறீம் கிறக்கர் ரின் ஒன்றைக் கழுவித் துடைத்து என் மேசையில் வைத்தாள். ரின் நம்பர் (TIN, வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) எடுத்தவனுக்கு ஒரு ரின்னும் வேணும்தானே என்று பகிடி வேறு. அந்த ரின்னோடு இரண்டு படிவம் அனுப்பிவிட்டேன், இப்போது மூன்றாவதற்கு ஆயத்தம்.

எனக்குச் சம்பள வேலை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மேல்மாடியைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கொஞ்சம் நிலையான வைப்பும் உண்டு. "சம்பளத்தில வெட்டுறாங்கள்தானே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் இங்கே கனபேர். நானும் அப்படித்தான் இருந்தேன். வெட்டுவது சம்பளத்துக்கு மட்டும். வாடகையும் வட்டியும் அதற்கு மேல் ஏறி உட்காரும்போதுதான் விளையாட்டு.

கணக்கைச் சற்று உருட்டித் தருகிறேன், எல்லாம் இலங்கை ரூபாவில். 2024/25 இல் சம்பளம் மாதம் 150,000, ஆண்டுக்கு 18 இலட்சம். வாடகை மாதம் 40,000, ஆண்டுக்கு 480,000; அதில் 25% சலுகை போக 360,000. வட்டி 180,000. எல்லாம் சேர்த்து 23 இலட்சத்து 40 ஆயிரம். தனிநபர் விடுதொகை 12 இலட்சத்தைக் கழித்தால் வரிக்குரியது 1,140,000. முதல் 5 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 12%, மிச்சத்துக்கு 18%: மொத்த வரி 115,200. சம்பளத்தில் ஏற்கெனவே வெட்டியது 42,000, வங்கி 5% படி பிடித்தது 9,000. கையால் கட்டவேண்டியது 64,200! தவணைக்கு 16,050. ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 நான்கையும் சுவர்க் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறேன். முதல் தவணை பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவுக்குள் வரும், மறக்க வசதியான நாள். பிந்தினால் மாதத்துக்கு 1.5% வட்டி ஏறும்.

2025/26 இல் விடுதொகை 18 இலட்சம் ஆனது. சம்பளம் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். மிஞ்சும் 540,000 க்கு 6%, அதாவது 32,400. வங்கி பிடிப்பது 10% ஆகிவிட்டதால் 18,000 அங்கேயே போய்விட்டது. மீதி 14,400 தான். அதைக் காட்டும் வட்டிச் சான்றிதழ் தொலைந்தால் தொலைவது 18,000.

ஆனால் வருமானக் கணக்கு அரை மணித்தியால வேலை. என்னை உண்மையில் வாட்டியது சொத்து, பொறுப்புக் கூற்று. வரி வருடம் முடியும் மார்ச் 31 அன்று எந்தக் கணக்கில் எவ்வளவு, கையில் காசு எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது. நவம்பரில் இருந்துகொண்டு மார்ச்சை நினைவுபடுத்துவது லேசல்ல. அதனால் மார்ச் 31 இரவு சாப்பிட்ட கையோடு சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் எழுதிவிடுவேன்: வங்கி மீதிகள், மோட்டார் சைக்கிள் லீசிங் மிச்சம், மச்சானுக்குக் கொடுத்த கைமாற்று, கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு. கனடாவிலிருந்து அக்கா அனுப்பும் காசு என் உழைப்பல்ல. ஆனால் வருமானத்துக்கு மேல் சொத்து கூடினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களல்லவா? அதற்காக அனுப்பிய ஒவ்வொரு முறையும் வங்கித் துண்டு ரின்னுக்குள்.

குறையும் இருக்கிறது. மெஷினில் வரும் மினுங்கல் தாள் துண்டுகள் ஆறு மாதத்தில் வெளிறிவிடுகின்றன, வந்த அன்றே போனில் படம் எடுத்தாகவேண்டும். ரின்னில் போட்டால் மட்டும் போதாது, வாசித்துவிட்டுப் போடவேண்டும். ஒருமுறை வட்டிச் சான்றிதழில் என் ரின் நம்பரில் ஓர் இலக்கம் மாறியிருந்ததை ஒக்ரோபரில்தான் கண்டேன். திருத்தி வாங்க அந்தக் கிளைக்கு மூன்று நடை. மே மாதமே பார்த்திருந்தால் ஆறுதலாக முடித்திருக்கலாம்.

இந்த வருடம் ரின்னில் ரி-10 (சம்பளமும் அதில் வெட்டிய வரியும் காட்டி வேலையிடம் தரும் சான்றிதழ்) வந்து கிடக்கிறது, வாடகைப் பற்றுச்சீட்டுக் கட்டை கிடக்கிறது, மார்ச் 31 பக்கம் எழுதியாயிற்று. இரண்டாவது வங்கியின் வட்டிச் சான்றிதழ் மட்டும் இல்லை. திங்கட்கிழமை கஸ்தூரியார் வீதிப் பக்கம் போகும்போது எடுக்கவேண்டும்.