பட்டன் போன், வெறும் டெக்ஸ்ட் ஃபைல், சாவி கொடுக்கும் வாட்ச்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

ஸ்மார்ட்போனை விட்டேன், மனசு லேசானது, தூக்கம் நன்றாக வந்தது என்று முதல் மாதத்தில் எழுதப்பட்டவை நிறைய இருக்கின்றன. எல்லாம் உண்மைதான், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் புதுசு என்ற குஷி அடங்கி, வருடக்கணக்கில் அன்றாடம் புழங்கிய பிறகு எது நின்றது, எது நடுவில் விட்டுப்போனது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால்தான் இது. நான் புழங்கியவை ஒரு பட்டன் போன், எல்லாக் குறிப்புகளுக்கும் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், சாவி கொடுக்கும் கைக்கடிகாரம், பாட்டுக்கு மெமரி கார்டு போடும் ஒரு சின்ன பிளேயர்.

பழசின் மேல் ஏக்கம் வந்து இதை ஆரம்பிக்கவில்லை. வருங்காலம் என்றாலே இன்னும் பெரிய திரை, இன்னும் அதிக மின்சாரம், இன்னும் அதிகக் கணிப்பு என்று ஒரே பக்கமாகத்தான் கற்பனை ஓடுகிறது. பொருட்கள் குறைவாகச் செய்யும், செய்வதை நெடுநாள் செய்யும், கெட்டால் திறந்து பார்க்கலாம், இப்படியும் ஒரு வருங்காலம் இருக்கலாமே. அது வந்தால் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று இப்போதே வாழ்ந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

முதலில் போன், எல்லோரும் கேட்பது அதைத்தான். சார்ஜ் நாள்கணக்கில் நிற்கிறது. பின் மூடியை நகத்தால் நெம்பினால் பேட்டரி கையோடு வந்துவிடும், வேறு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம் பேட்டரி ஒரு பக்கம் போகும், பொறுக்கிப் பொருத்தினால் வேலை செய்யும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எனக்குத் தாமதமாகப் பிடிபட்டது வேறு. 5 என்ற பட்டனின் மேல் சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். கட்டைவிரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்கள் எங்கெங்கே என்று விரலுக்கே தெரிந்துவிடும். என் போனில் எண்களின் அச்சு தேய்ந்து பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, அதனால் ஒரு குறையும் வரவில்லை, இருட்டில், பைக்குள் கையை விட்டபடி, எதிரே இருப்பவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் வழக்கமான எண்ணை அழுத்திவிடுகிறேன். தொடுதிரையில் இது நடக்காது, அங்கே விரலுக்கு வழி காட்டுவது கண்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். 2017 ஆகஸ்டில் யூஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூருக்கு அருகே ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் எஞ்சின் வேகத்தையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் அமைப்பு அதில் இருந்தது. எந்தக் கட்டுப்பாடு எந்த இருக்கையின் கையில் இருக்கிறது என்றே அந்த நேரத்தில் அங்கிருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பயிற்சிக் குறையும் பெரிய காரணம்தான், ஆனால் விசாரணை அந்தத் திரை அமைப்பையும் குறை சொன்னது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க மறுபடியும் கையால் தள்ளும் நெம்புகோலையே வைக்கப்போவதாக அறிவித்தது. கார்களிலும் காற்று இப்போது அந்தப் பக்கம் வீசுகிறது. ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு, 2026 முதல், ஐரோப்பாவில் கார்களைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பின் பாதுகாப்பு மதிப்பெண் குறையும். ஆக, பட்டனுக்குத் திரும்புவதை ரசனை சார்ந்த ஆசையாக மட்டும் பார்க்க முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போனில் தமிழில் தட்டுவது உண்மையிலேயே வேதனை. ஒரு கூட்டெழுத்துக்குப் பல அழுத்தல், ஒரு வரிக்குள் பொறுமை தீர்ந்துவிடும். நான் தட்டுவதை விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டேன். உறவினர்களின் குழுச் செய்திகள் எனக்கு வராது, யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் உண்டு. ஒரு கல்யாணத் தேதி எனக்கு மட்டும் கடைசியில் தெரிந்தது, அது வலித்தது. புது இடத்துக்குப் போவதென்றால் கிளம்பும் முன்பே வழியைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும் பழக்கத்தால் சமாளித்தேன்.

பழக்கத்தால் சமாளிக்க முடியாதது ஒன்று வந்தது. என் முதல் பட்டன் போன் 2ஜியில் மட்டும் ஓடுவது. ஒரு தேதிக்குப் பிறகு அந்த 2ஜி சேவை நிறுத்தப்பட்டது, போனும் அதோடு முடிந்தது. பேட்டரி நன்றாக இருக்கிறது, பட்டன்கள் நன்றாக இருக்கின்றன, ஒலிபெருக்கி கணீரென்று கேட்கிறது, ஆனால் பேச எதிர்முனை இல்லை. இது உலகமெங்கும் நடப்பதுதான். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 2017 தொடக்கத்தில் 2ஜியையும் 2022 பிப்ரவரியில் 3ஜியையும் மூடியது, ஆஸ்திரேலியாவில் 3ஜி 2024இல் மூடப்பட்டது. அலைவரிசை கிடைப்பது கொஞ்சம், அதே இடத்தில் புதிய தலைமுறை பல மடங்கு தரவைக் கடத்தும், அந்த நியாயம் புரிகிறது. ஆனாலும் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று தெளிவானது. கருவி எளிமையாக இருந்து என்ன, அது தொங்கிக்கொண்டிருக்கும் வலை நம் கையில் இல்லையே. இத்தனை வருடத்தில் நான் கற்றதில் பெரிய பாடம் இதுதான், மற்ற பொருட்களையும் அதற்கப்புறம் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

டெக்ஸ்ட் ஃபைலுக்கு வருவோம். இங்கே எனக்கு முழுத் திருப்தி, கொஞ்சம் விரிவாகவே பேசுவேன். ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபைல்கள், ஒவ்வொன்றின் பெயரிலும் முதலில் வருடம், மாதம், தேதி. அவ்வளவுதான் அமைப்பு. தடித்த எழுத்து கிடையாது, படம் கிடையாது, ஒத்திசைவு கிடையாது. நடுவில் கணினி மாறியது, இயங்குதளம் மாறியது, எழுதப் பயன்படுத்தும் மென்பொருள் பலமுறை மாறியது, ஃபைல்கள் அப்படியே திறக்கின்றன. இதே காலத்தில் நான் முயன்ற ஒரு குறிப்புச் செயலி சேவையையே நிறுத்தியது. அதிலிருந்து ஏற்றுமதி செய்து எடுத்தவை பாதி உடைந்த நிலையில் வந்தன.

ஆனால் டெக்ஸ்ட் என்றாலே நிலைத்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தமிழில் எழுதுகிற நமக்கு இது நன்றாகவே தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பழைய ஃபைல் ஒன்றை இன்று திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். காரணம், அந்த ஃபைலுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது, ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டியது அந்த எழுத்துருதான். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்ற முறையில் எழுதியவற்றுக்கும் தனியாக ஒரு மாற்றி தேவைப்படுகிறது. எல்லா மொழி எழுத்துக்களுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு வந்து, தமிழுக்கு 1991இலேயே அதில் இடம் கிடைத்து, பிறகு எல்லாக் கருவிகளும் படிப்படியாக அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் உண்மையில் எளிய பொருளாக ஆனது. எளிமைக்குப் பின்னால் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு இருக்கிறது, அது இல்லாவிட்டால் எளிமையும் பூட்டுத்தான்.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1086இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நில ஆவணத்தின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டேவை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. அதைப் படிக்கத் தனி பிளேயர், தனிக் கணினி. இருபது வருடம் ஆவதற்குள் அந்தக் கருவிகள் அருகிப்போய், ஆய்வாளர்கள் பெரும் பாடுபட்டு அதை மீட்க வேண்டி வந்தது. 1086இன் தோல் ஏடுகளைத் திறந்தால் இன்றும் படிக்கலாம், லத்தீன் தெரிந்தால் போதும்.

வாட்ச் பற்றிச் சுருக்கமாக. காலையில் திருகைச் சுழற்றும்போது முதலில் இலகுவாகப் போகும், போகப் போக விரலுக்கு இறுக்கம் ஏறும், ஓரிடத்தில் போதும் என்று நின்றுவிடும். அந்த இறுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் பரிந்துரை செய்யமாட்டேன். நேரம் தினமும் சில விநாடி பிசகும், உள்ளே எண்ணெய் காய்ந்துவிடும், சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைக்கத் தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1989இல் வந்த காசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதன் பேட்டரி ஏழு வருடம் வரும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது, நேரமும் இதைவிடத் துல்லியம். எளிய வருங்காலத்துக்கு எது ஏற்றது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன், நான் கட்டியிருப்பதை அல்ல.

அதாவது ரொம்பப் பழசு என்பதற்காக ஒன்று சிறந்ததாகிவிடாது. நன்றாகப் பழகி, கோளாறுகள் எல்லாம் வெளிப்பட்டு, விலையும் இறங்கிய தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புது வேலை கொடுப்பதுதான் நிண்டெண்டோ என்ற ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனத்தில் இருந்த குன்பெய் யோகோயின் வழி. அதே 1989இல் வந்த அவர்களின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயில் வண்ணம் கிடையாது, மங்கலான பச்சைத் திரை, நான்கு பென்சில் பேட்டரி. அடுத்த வருடம் போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியரில் பளிச்சென்ற வண்ணத் திரை, ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். ஜெயித்தது கேம் பாய். வருங்காலத்தைக் கற்பனை செய்கிறவர்களுக்கு யோகோய் ஒரு நல்ல வழிகாட்டி என்று நினைக்கிறேன்.

பாட்டு பிளேயர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலை செய்கிறது. இயர்போன் கம்பி அறுந்தால் வேறு ஒன்றைச் செருகுகிறேன்.

ஊர், நாடு என்ற அளவில் யோசித்தால் நம்பிக்கை தருபவை எனக்கு இரண்டு. பிரான்ஸின் நான்த் நகரம் 1958இல் டிராமை மூடியது, 1985இல் புதிதாகத் தண்டவாளம் போட்டு மறுபடி ஓட்டியது. பிறகு கிரெனோபிள், ஸ்ட்ராஸ்பர்க் என்று பல நகரங்கள் அந்த வழிக்கு வந்தன. ஒரு தனி மனிதர் வீட்டில் டிராம் வைத்துக்கொள்ள முடியாது, நகரம் முடிவெடுத்தால்தான் உண்டு. இன்னொன்று பேட்டரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருடச் சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். நகத்தால் நெம்பும் அந்த மூடியைப் போலவே எல்லாம் வருமா தெரியாது, ஆனாலும் இதுதான் சரியான திசை. இவை தவிர, எளிய தொழில்நுட்பங்களைப் பற்றி எழுதும் லோ-டெக் மேகசின் என்ற இணைய இதழ் 2018இல் தன் இணையதளத்தின் ஒரு வடிவத்தை சூரிய ஒளியில் மட்டும் ஓடும் சின்ன சர்வரில் வெளியிட்டது. மேகமூட்டம் நீடித்து பேட்டரி தீர்ந்தால் தளமும் அணைந்துவிடும், அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். எப்போதும் கிடைத்தே தீரவேண்டியது எது, நாளைக்குக் கிடைத்தால் போதும் என்பது எது என்று பிரிக்க அந்தத் தளம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இப்போது என் கையில் 4ஜி பட்டன் போன். வங்கி வேலைக்கு மட்டும் ஒரு பழைய ஸ்மார்ட்போன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, அதை விட வழியில்லை, எஸ்எம்எஸ்ஸில் வந்த ஓடிபி ஒவ்வொன்றாகச் செயலிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. டெக்ஸ்ட் ஃபைலை யாரும் யோசிக்காமல் இன்றே ஆரம்பிக்கலாம், செலவே இல்லை. யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் சேமிக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். பட்டன் போன் வாங்குவதானால் 4ஜி என்று பெட்டியில் போட்டிருப்பது போதாது. சில மாடல்கள் தரவுக்கு மட்டும் 4ஜியைப் பயன்படுத்திவிட்டுப் பேச்சுக்குப் பழைய வலைக்கு இறங்கும், அந்த வலை மூடினால் அழைப்பு போகாது. 4ஜியிலேயே பேச்சு போகிறதா, உங்கள் சேவை நிறுவனத்தின் அனுமதிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா, அவசர அழைப்பும் அதிலேயே போகுமா என்று கேட்டு, பதில் வந்த பிறகு காசு கொடுங்கள்.