நரம்புத் திசு ஸ்லைடு தொகுப்பு: ஆறில் மூன்று அருமை

நரம்பு செல் பாடத்துக்கென வரும் இந்த ஆறு ஸ்லைடு பெட்டியைத் திறக்கும்போதே ஓர் எதிர்பார்ப்பை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். பாடப்புத்தகப் படத்தில் உள்ளதுபோல் சைட்டான் (செல் உடல்), டென்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை), ஆக்ஸான் (செய்தி அனுப்பும் நீள இழை), மையலின் உறை (ஆக்ஸான் மேலுள்ள கொழுப்புறை), கணு (அந்த உறை விட்டுப்போன இடம்) எல்லாம் ஒரே செல்லில் தெரியாது. ஒவ்வொரு சாயமும் செல்லின் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் காட்டும், மற்றதை விட்டுவிடும். ஸ்லைடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நியூரான், அதாவது நரம்பு செல், முழுமையாகிறது. கையேடு இதைச் சொல்லவே இல்லை என்பது பெரிய குறை.

முதலில் எடுக்க வேண்டியது மாட்டுத் தண்டுவட ஸ்மியர். சாம்பல் பொருளை நசுக்கிப் பரப்பி நீலச் சாயம் ஏற்றியது. 4 மடங்கு லென்ஸிலேயே பெரிய நீல நட்சத்திரங்களாக, தசையை இயக்கும் இயக்க நியூரான்கள் தெரியும். 40 மடங்குக்குப் போனால் வெளிறிய உட்கரு, அதன் நடுவே ஒரே கரும்புள்ளியாக நியூக்ளியோலஸ், சுற்றிலும் நிசில் துகள்கள். இந்தத் துகள்கள் வேறொன்றுமில்லை, ரைபோசோம்கள் அடர்ந்த எண்டோபிளாச வலைதான். செல்லுக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகிறது. மனிதரில் இடுப்புத் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை போகும் ஆக்ஸான் சுமார் 1 மீட்டர் நீளம். ஆக்ஸானுக்குள் புரதச் சரக்கு போகும் வேகமான கடத்தலே நாளுக்கு 200 முதல் 400 மி.மீ.தான். நுனிக்குச் சரக்கு போய்ச் சேர இரண்டரை முதல் ஐந்து நாள் ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் சைட்டான் ஏன் இவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இந்த ஸ்லைடில் வழக்கமாக நடக்கும் பிழை, இருப்பதிலேயே நீளமான கிளையை ஆக்ஸான் என்று குறிப்பது. நசுக்கும்போது கிளைகள் கண்டபடி அறுந்துபோகும், நீளத்தை நம்ப முடியாது. கிளையின் அடிப்பகுதியைப் பாருங்கள். டென்ட்ரைட்டுக்குள் நீலத் துகள்கள் நுழைந்திருக்கும். ஆக்ஸான் கிளம்பும் மேட்டில் அவை இல்லாமல் வெளிறிக் கிடக்கும். பத்து செல்களைத் தேடினால் ஒன்றிரண்டில்தான் இது தெளிவாக அமையும், பொறுமை வேண்டும். சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிறு நீலப் புள்ளிகள் குட்டி நியூரான்கள் அல்ல, நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களின் உட்கருக்கள்.

அடுத்த அருமை கோல்ஜி முறை சிறுமூளை ஸ்லைடு. கமில்லோ கோல்ஜி 1873இல் வெளியிட்ட வெள்ளி நைட்ரேட் முறை இது. நூற்றில் சில செல்களே கறுக்கும், ஆனால் கறுத்த செல் கிளை நுனி வரை தெரியும். எல்லா செல்லும் கறுத்திருந்தால் வெறும் மைக்கறைதான் கண்ணில் பட்டிருக்கும். வாங்குமுன் வெட்டின் திசையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுமூளையின் பெரிய நியூரானான பர்கிஞ்சி செல்லின் கிளைகள் விசிறிபோல் ஒரே தளத்தில் விரிந்தவை. முன்பின்னாக நெடுக்கே வெட்டிய துண்டில் விசிறி முழுதாக வரும், குறுக்கே வெட்டியதில் ஒல்லியான கம்பிபோலத்தான் இருக்கும். வெட்டு தடிமனானது, 100 மைக்ரான் அளவுக்கும் போகும். அதனால் நுண்திருகை மேலும் கீழும் ஓயாமல் திருகித்தான் கிளையைத் தொடர முடியும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸை இதில் இறக்க வேண்டாம், மூடுகண்ணாடி நொறுங்கிவிடும். 40 மடங்கே டென்ட்ரைட் முட்களை, அதாவது கிளைமேல் உள்ள நுண் புடைப்புகளை, காட்டப் போதும்.

மூன்றாவது, ஆஸ்மியம் ஏற்றிப் பிரித்த நரம்பிழை. கொழுப்பு கறுப்பதால் மையலின் கரிய குழாயாகத் தெரியும். தொகுப்பிலுள்ள ஹிமடாக்ஸிலின்-இயோசின் (வழக்கமான ஊதா-இளஞ்சிவப்புச் சாயம்) தண்டுவட வெட்டில் இதே மையலின் வெறும் வளையமாக இருப்பதைக் கண்டு ஸ்லைடு கெட்டுவிட்டதென நினைக்க வேண்டாம். ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிட்டன, அவ்வளவுதான். ரேன்வியர் கணுவைத் தேடும்போது கவனம் தேவை. உறையில் சாய்வாக ஓடும் வெளிறிய கீறல்கள் கணுக்கள் அல்ல. கணுவில் உறை இருபுறமும் ஒடுங்கி, முழுதாக அறுபட்டு நிற்கும். தடித்த இழையில் இரு கணுக்களுக்கு இடையே 1 மி.மீ. வரை இருக்கலாம், எனவே ஒரே இழையைப் பிடித்து ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மையலின் இல்லாத இழையில் நொடிக்கு 2 மீட்டருக்குள் போகும் மின்துடிப்பு, தடித்த மையலின் இழையில் 100 மீட்டரைத் தாண்டுவதற்கு, அது இப்படிக் கணுவுக்குக் கணு தாவிப் போவதும் ஒரு முக்கியக் காரணம்.

முதுகுவேர் நரம்புமுடிச்சு ஸ்லைடு பரவாயில்லை. தங்கக் குளோரைடு ஏற்றிய தசை ஸ்லைடில் நரம்பு நுனிகள் கிளைவிடுவது அழகாகத் தெரிகிறது, ஆனால் அதில் சினாப்ஸ் (நரம்பு நுனி தசையைச் சந்திக்கும் இடம்) இடைவெளியே தெரியும் என்று கையேடு சொல்வது தவறு. அந்த இடைவெளி சுமார் 50 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லையோ ஏறக்குறைய 200. கையேட்டின் செயல்பாட்டுப் பக்கத்திலும் ஒரு பிழை உண்டு. துடிப்புக்குப் பின் மின்னழுத்தத்தை உடனே இறக்குவது சோடியம்-பொட்டாசியம் பம்ப் அல்ல, திறந்துகொள்ளும் பொட்டாசியம் வாயில்கள். பம்ப் செய்வது அயனி வேறுபாட்டை நீண்டகாலம் காத்துவருவது.

கிளியா செல்களில் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுக்கு என்று தனி ஸ்லைடு இல்லாதது வருத்தம். கோல்ஜி ஸ்லைடில் இரத்தக் குழாயை ஒட்டி, புதர்போல் கறுத்த ஒன்று தற்செயலாக அகப்படலாம், தேடிப் பாருங்கள்.

தனித்தனியாகக் கிடைத்தால் ஸ்மியர், கோல்ஜி, ஆஸ்மியம் மூன்றை மட்டும் வாங்குவது நல்லது. நீலச் சாயம் வெளிச்சத்தில் மங்கும், பார்த்து முடித்ததும் விளக்கை அணைத்துப் பெட்டியில் மூடிவையுங்கள். கோல்ஜி ஸ்லைடைப் படுக்கையாகவே வைக்க வேண்டும். நிறுத்திவைத்தால் தடித்த பிசின் மெல்ல வழிந்து மூடுகண்ணாடி நகர்ந்துவிடும்.