பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சைவம்: வாரம் ஒரு நாளா, தினமும் பாதியா?

பினாங்கில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் காய்கறியும் பருப்பும் கூட வேண்டும் என்பதில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் இழுபறி. மூன்று யோசனைகள் வந்தன. வெள்ளிக்கிழமையை முழுச் சைவ நாளாக்குவது ஒன்று. கோழிக்குப் பதிலாக சோயாவில் செய்த ‘சைவக் கோழி’ போடுவது இன்னொன்று. எதையும் நிறுத்தாமல், தினமும் விற்கும் உணவில் பாதியைச் சைவமாக்குவது மூன்றாவது. நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றுகிறது.

ஏன் இந்த மாற்றம் என்று நீட்டி விளக்கத் தேவையில்லை. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடல் பருமன். போதுமான காய்கறி, பழம் சாப்பிடாதவர்கள் 95 விழுக்காடு. நாக்கு பழகுவது சின்ன வயதில்தான்.

சைவக் கோழியை முதலில் தள்ளிவைத்தோம். பினாங்கில் அது கிடைக்காத பொருள் இல்லை. சீனர்கள் சைவ விரதம் இருக்கும் ஒன்பது பேரரசர் விழாவில் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் விதவிதமாக விற்கிறது, ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் உப்பு அதிகம், விலையும் அதிகம், உறைபெட்டியில் இடமும் வேண்டும். தினசரிக்கு ஒத்துவராது.

சைவ நாள் யோசனைக்கு ஆதரவு நிறைய இருந்தது. அறிவிப்பது எளிது, கண்காணிப்பதும் எளிது. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளில் 2019 முதல் திங்கட்கிழமை இறைச்சி இல்லை. பிரான்சில் 2021ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளிகளில் வாரம் ஒரு சைவ வேளையை நிரந்தரமாக்கியது. ஆனால் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பள்ளிகளில் கட்டாய சைவ நாள் வந்தபோது, தொடக்கத்தில் சில மாணவர்கள் சாப்பிடவே வரவில்லை, வந்தவர்களும் குறைவாக எடுத்தார்கள், தட்டில் மீதம் கூடியது. அங்கே மதிய உணவு இலவசம், மீந்தால் நகராட்சி தாங்கும். இங்கே சிற்றுண்டிச்சாலை நடத்தும் அக்காவுக்கு விற்பனைதான் வருமானம். ஒரு நாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து நக்கெட் கட்டிக்கொண்டு வந்தால் நட்டம் அவர் தலையில்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை நம் வீடுகள் பலவற்றில் ஏற்கெனவே சைவம். அந்தப் பிள்ளைகளுக்கு அன்று பள்ளியில் எதுவும் மாறப் போவதில்லை. மாற வேண்டியது மற்ற நான்கு நாட்கள்.

தினமும் பாதி என்றால் வேலை இரட்டிப்பாகாதா என்பதுதான் உண்மையான கேள்வி. எங்கள் முடிவை நிர்ணயித்ததும் இதுவே. அந்தச் சமையலறையில் உதவிக்கு ஆள் குறைவு. விடியலில் தொடங்கி முதல் ஓய்வு நேரத்துக்குள் எல்லாம் தயாராக வேண்டும். சைவத்துக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று போனால் ஒரு மாதம் நடக்கும், அப்புறம் நின்றுவிடும். அதனால் பேச்சு சம்பாலில் வந்து நின்றது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கான மிளகாய்ச் சம்பாலில் பெலாச்சானும் (புளிக்கவைத்த இறால் விழுது) நெத்திலியும் சேர்ந்துவிட்டால் சைவப் பிள்ளைக்கு மிஞ்சுவது வெறும் சோறும் வெள்ளரித் துண்டும்தான். மீஹூனில் (அரிசி நூடுல்ஸ்) இறாலும் முட்டையும் கலந்துவிட்டால் அதுவும் போச்சு.

இப்போது சம்பாலுக்கு ஒரு சட்டி, மீஹூனுக்கு ஒரு சட்டி என்று எல்லாருக்கும் பொதுவாக, பெலாச்சான், முட்டை, இறால் எதுவும் இல்லாமல் தயாராகின்றன. நெத்திலி, அவித்த முட்டை, கோழி எல்லாம் தனித்தனியாக இருக்கும், கேட்பவர்களுக்கு மேலே வைத்துக் கொடுப்பார்கள். கூடுதல் சமையல் என்றால் தினம் ஒரு பதார்த்தம்தான்: தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சம்பால், தௌகே (பயறு முளை) போட்ட தௌஹு (டோஃபு), கொண்டைக்கடலைப் பிரட்டல், பயத்தங்காய்ப் பொரியல் என்று மாறி மாறி வரும். இதில் தெம்பேதான் எனக்குப் பிடித்தது. நூறு கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம், முதல் நாளே நறுக்கி வைக்கலாம், பொரித்தால் ஓய்வு நேரம் முடியும்வரை நமத்துப் போகாது. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட நினைவிருக்க வேண்டும். தௌஹு நம் ஊர் வெயிலுக்கு அன்றன்றே தீர வேண்டும்.

பெலாச்சான் இல்லாவிட்டால் ருசி போய்விடும் என்று சிலர் சொன்னார்கள். வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, புளியும் கொஞ்சம் பனஞ்சர்க்கரையும் சேர்த்தால் பெரிய குறை தெரியவில்லை.

வரிசையில் சைவப் பதார்த்தம் முதலில், கோழி கடைசியில். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒன்றாக இருந்த சைவ உணவை இரண்டில் ஒன்றாக்கியதும் அதன் விற்பனை 41 முதல் 79 விழுக்காடு வரை உயர்ந்தது. வழக்கமாக இறைச்சியே எடுப்பவர்களிடம்தான் மாற்றம் அதிகம். யாருக்கும் எதையும் தடுக்காமலே இது நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அக்கா சம்மதித்ததற்கு விலையும் காரணம். 2022இல் கோழி தட்டுப்பாடாகி அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்திய காலம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2023 நவம்பரில் கோழிக்கு விலைக் கட்டுப்பாடும் போனது. பள்ளியோடு பேசி முடிவான தட்டு விலையை அவர் நினைத்தபோது ஏற்ற முடியாது. பருப்பும் தெம்பேயும் பங்கைத் தாங்கினால் அவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

எல்லா இடத்துக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எங்களுடையது சிறிய பள்ளி. ஆறாம் ஆண்டுப் பையன்களிடம் இன்னும் கோழிதான் முதலில் தீர்கிறது. ஒரே ஒரு உணவு மட்டும் சமைக்கும் இடத்தில் பாதி என்ற பேச்சே இல்லை, அங்கே சைவ நாள்தான் வழி. மருத்துவமனை, தங்கும் விடுதி என்றால் வேறொரு வழியும் இருக்கிறது. நியூயார்க் நகர அரசு மருத்துவமனைகள் 2022 முதல் முதலில் சைவத் தட்டைத்தான் முன்வைக்கின்றன, வேண்டாம் என்பவர்களுக்கு மற்றது. தட்டு படுக்கைக்கே வரும் இடத்தில் அது நன்றாக நடக்கும். பத்து வயதுப் பிள்ளை காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் இடத்தில் எப்படிப் போகும் என்று எனக்கு அனுபவம் இல்லை.

இப்போதைய ஏற்பாடு அக்காவின் நல்ல மனதில் ஓடுகிறது. குத்தகை முடிந்து வேறொருவர் வந்தால் பெலாச்சான் மறுபடி சட்டிக்குள் போய்விடும். அதனால் அடுத்த குத்தகை நிபந்தனைகளில் ‘சம்பாலும் மீஹூனும் சைவமாகவே சமைக்கப்பட வேண்டும்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.