அலாரம் கண்காணிப்பு மென்பொருளின் அமைவுக் கோப்பு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மணலியில் உள்ள ஒரு நடுத்தர வேதிப்பொருள் ஆலையின் கருவியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2019-இன் தொடக்கத்தில் எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஓர் அலாரம் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினார்கள். ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளான மூன்று பி.எல்.சி.களிலிருந்து ஏறத்தாழ 600 டேக்குகளை, அதாவது அளவீட்டுப் புள்ளிகளை, மாட்பஸ் டி.சி.பி. என்ற தொடர்பு முறை வழியாக வாசித்து, வரம்பு மீறியவற்றைத் திரையில் காட்டி, தேவைப்பட்டால் ஷிஃப்டில் இருப்பவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் வேலை. விண்டோஸ் சர்வரில் பின்னணிச் சேவையாக இரவும் பகலும் ஓடுகிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்பது ஒரு காரணம். சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வகை மென்பொருள் எதற்கும் பொருந்தும் என்பது இன்னொரு காரணம்.

வாங்குவதற்கு முன் எங்களுக்குச் செய்துகாட்டியபோது வண்ணத் திரைகளையும் வரைபடங்களையும்தான் காட்டினார்கள். ஆனால் ஆறு ஆண்டுகளில் நான் அதிக நேரம் செலவிட்டது அமைவுகளை எழுதப் பயன்படும் யாமல் என்ற வடிவில் இருக்கும் ஒரே ஓர் உரைக் கோப்பில்தான். எந்த டேக் எத்தனை நொடிக்கு ஒருமுறை வாசிக்கப்படும், எவ்வளவு நேரம் பொறுத்து அலாரம் எழும், யாருக்குச் செய்தி போகும், தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஆள்கள் அதைக் 'கான்ஃபிக்' என்பார்கள்.

முதலில் கூலிங் டவர் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோப்பை நான் உண்மையாகப் படிக்கத் தொடங்கியது அதனால்தான். நீர்மட்டம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அலாரம் என்று வைத்திருந்தோம். டிலே (வரம்பு மீறிய பின் அலாரம் எழும் வரை பொறுக்கும் நேரம்) சுழி, டெட்பேண்ட் (எழுந்த அலாரம் இறங்க, மதிப்பு வரம்பிலிருந்து திரும்ப விலக வேண்டிய அளவு) அரை விழுக்காடு, இரண்டுமே மென்பொருளோடு வந்த இயல்பு மதிப்புகள். தொட்டியின் வழக்கமான மட்டம் 43 சொச்சம். இரண்டாவது சுழற்சிப் பம்ப் ஓடத் தொடங்கும்போது, மேலே போகும் குழாய் நிரம்பும் வரை தொட்டியில் நீர் இறங்கும், அலையும் அடிக்கும். அல்ட்ராசோனிக் டிரான்ஸ்மிட்டர் அந்த அலையையும் சேர்த்தே அளக்கும். 2020 ஆகஸ்டில் ஓர் இரவு, ஒப்பந்தக்காரர் பம்ப்பைச் சோதிப்பதற்காக நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில், இந்த ஓர் அலாரம் மட்டும் 212 முறை அடித்தது. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் மூத்த ஆபரேட்டர், "சார், இது அலாரம் இல்ல, மழைக்காலத் தவளை" என்றார். ஒலியை அவர் நள்ளிரவிலேயே அணைத்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; அணைத்த நேரத்தில் பாய்லர் பக்கம் ஏதாவது நடந்திருந்தால் என்ற எண்ணம்தான் வந்தது.

அலாரம் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஏ. 18.2 தரநிலையில், தொடங்குவதற்கு ஏற்ற மதிப்புகள் என்று சில எண்கள் இருக்கின்றன: மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் டெட்பேண்ட் 5 விழுக்காடு, அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1, டிலே மட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 60 நொடி, ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 நொடி. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டேன். அலாரம் அடங்கியது, ஆனால் ஒருமுறை எழுந்தது திரையை விட்டுப் போகவே மறுத்தது. கணக்கு எளியது: 40-இல் எழும் அலாரம் 5 விழுக்காடு டெட்பேண்டோடு 45-ஐத் தொட்டால்தான் இறங்கும், மிதவை வால்வோ மட்டத்தை 43-லேயே நிறுத்திவிடும். டெட்பேண்டை 2 ஆக்கியதும் அது தீர்ந்தது.

டிலேயில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நீர்வரத்து நின்றுபோனால், இரண்டு பம்ப்புகளும் ஓடும் நிலையில், 40-இலிருந்து பம்ப்புகள் டிரிப் ஆகும் மட்டத்துக்கு இறங்க எங்கள் தொட்டியில் ஏறக்குறைய நான்கு நிமிடம்தான் ஆகும். ஆபரேட்டர் கீழே இறங்கி, நடந்து போய், பைபாஸ் வால்வைத் திறக்க மூன்று நிமிடம் வேண்டும். 60 நொடி டிலே என்றால் அவருக்குக் கையில் ஒரு நொடிகூட மிச்சமில்லை. டிலே என்பது ஆபரேட்டரின் நேரத்திலிருந்து எடுக்கும் கடன் என்பதை மென்பொருளின் கையேடு எங்கேயும் சொல்லவில்லை. அலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம், 18 நொடி. டிலேயை 23 என்று வைத்தேன். இரவு அழைப்புகளில் பாதிக்குமேல் குறைந்தது இப்படி டேக் டேக்காக உட்கார்ந்து பார்த்ததால்தான். புதிய திரையோ கூடுதல் உரிமமோ அதைச் செய்யவில்லை.

எண்ணிக்கையில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கும் மேலாளர்களுக்கு நான் காட்டுவது 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் உள்ள மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த வெடிவிபத்து. வெடிப்புக்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள்முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. அலாரம் அமைப்புகளுக்கான ஈமுவா 191 வழிகாட்டி, சீரான ஓட்டத்தின்போது ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் ஏற்கத்தக்கது என்கிறது. நாங்கள் முதல் ஆண்டில் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இனி, கோப்பின் வடிவம் செய்த குறும்பு. எங்கள் ஷிஃப்டுகள் காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்குத் தொடங்குபவை. கோப்பில் 06:00, 14:00, 22:00 என்று எழுதினேன். முதல் வாரமே காலை ஷிஃப்ட் பொறுப்பாளர் புலம்பினார்: வேலை முடிந்து தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் போன பிறகும் மாலை முழுவதும், நள்ளிரவு வரை, அவருக்கே செய்திகள் வந்துகொண்டிருந்தன. மதிய ஷிஃப்டுக்காரருக்கோ நள்ளிரவு தாண்டி எட்டே எட்டு நிமிடங்கள் மட்டும் வந்தன. நாங்கள் முதலில் சிம் கார்டைச் சந்தேகித்தோம், பிறகு பணிப் பட்டியலை, பிறகு ஒருவரை ஒருவர்.

உண்மையில் நடந்தது இதுதான். 2005-இல் வந்த யாமல் 1.1 விதிப்படி, மேற்கோள் குறியில்லாத 14:00 என்பது நேரமாகாது. 60-ஐ அடிமானமாகக் கொண்ட எண்ணாக, 840 என்று வாசிக்கப்படும். 22:00 என்பது 1320. சுழியில் தொடங்கும் 06:00 மட்டும் அந்த விதிக்குள் சிக்காமல் எழுத்துச் சரமாகவே தப்பிக்கும். வந்த எண்களை மென்பொருள் நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகள் என்று எடுத்துக்கொண்டதால், மதிய ஷிஃப்ட் நள்ளிரவு 12 மணி 14 நிமிடத்துக்கும் இரவு ஷிஃப்ட் 12 மணி 22 நிமிடத்துக்கும் தொடங்கின. இடைப்பட்டவைதான் அந்த எட்டு நிமிடங்கள். 2009-இல் வந்த யாமல் 1.2 இந்த விதியைக் கைவிட்டுவிட்டது. எங்கள் மென்பொருளுக்குள் இருக்கும் வாசிப்பான் பழையது. நேரங்களை மேற்கோள் குறிக்குள் எழுதியதும் எல்லாம் சரியாயிற்று.

இதே கோப்பில் உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தட்டினால் சேவை தொடங்கவே தொடங்காது. வரி எண்ணோடு பிழை வரும். அது எரிச்சலூட்டினாலும் நான் அதை வரவேற்கிறேன். அமைவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் மென்பொருள் வாயே திறப்பதில்லை என்பதுதான் என் முதன்மையான மனக்குறை. தெரியாத பெயரைக் கண்டால் அதைத் தாண்டிப் போய், இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். டிலே என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறிக் கிடந்ததால் ஒரு கம்ப்ரசரின் அழுத்த அலாரம் ஏழு மாதம் சுழி டிலேயில் ஓடியது. சப்ளையரிடம் முறையிட்டபோது, பழைய கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக அப்படி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். தொடங்குவதற்கு முன் கோப்பைச் சரிபார்க்கும் கட்டளை ஒன்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே வந்தது. அதை ஓட்டாமல் இப்போது நாங்கள் எந்த மாற்றத்தையும் ஏற்றுவதில்லை.

இயல்பு மதிப்புகளில் மிகவும் ஆபத்தானதாக நான் கருதுவது தொடர்பு அறும்போது பயன்படும் அமைவு. பி.எல்.சி. பதில் தராவிட்டால், கடைசியாக வாசித்த மதிப்பையே வைத்துக்கொள்ளும்படி மென்பொருள் வருகிறது. திரையில் வெப்பநிலை அசையாமல் 82 என்று நிற்கும். பார்ப்பவர்க்கு ஆலை அமைதியாக இருப்பதாகத் தோன்றும். வாங்கிய முதல் நாளே இதை மாற்றி, மூன்று முறை முயன்றும் பதில் வராவிட்டால் அந்த டேக்கைக் 'கெட்ட தரம்' என்று குறித்துத் தனி அலாரம் எழுப்பச் செய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டர் பக்கமும் இப்படித்தான்: 4 முதல் 20 மில்லி ஆம்பியர் கருவிகளில் 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ மின்னோட்டம் போனால் அது கருவிக் கோளாறு என்று, செயல்முறை ஆலைப் பயனர்களின் சங்கமான நாமூரின் என்.இ. 43 பரிந்துரை வகுத்திருக்கிறது. அந்த எல்லைகளையும் கோப்பில் கொடுக்க இடமுண்டு, ஆனால் இயல்பாக அணைத்து வைத்திருக்கிறார்கள்.

மாட்பஸில் பதின்மப் புள்ளி எண்கள் இரண்டு ரெஜிஸ்டர்களில், அதாவது நினைவு இடங்களில், பிரிந்து வரும். எது முன், எது பின் என்பது பி.எல்.சி.க்குப் பி.எல்.சி. மாறும். வரிசையைத் தவறாகக் கொடுத்து, சோதனைக்கு 50.0 என்று ஊட்டிப் பாருங்கள்: ஏறக்குறைய சுழி என்று காட்டும். உச்ச வரம்பு அலாரம் மட்டும் உள்ள டேக்கில் இப்படி ஒரு பிழை இருந்தால் அது என்றைக்கும் அடிக்காது. எனவே புதிய டேக் ஒவ்வொன்றையும் களத்தில் கருவியிலிருந்தே மதிப்பை ஊட்டி, அலாரம் எழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறோம்.

குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்ப வேண்டும் என்று ஆபரேட்டர்கள் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே, அதிலும் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். 'கூலிங் டவர் தொட்டி மட்டம் குறைவு' என்பது கண்ணுக்கு இடைவெளி சேர்த்து 20 இடம், கணக்கில் 32. நேரத்தையும் மதிப்பையும் சேர்த்து 70-க்குள் அடக்க, டேக் பெயர்களைச் சுருக்கி ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது. பிறகு ஜி.எஸ்.எம். மோடத்தை விட்டுக் குறுஞ்செய்திச் சேவை ஒன்றுக்கு மாறியபோது வேறொரு சிக்கல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் செய்தியின் வார்ப்புருவை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அழகுக்காகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினேன். பதிவு செய்த வார்ப்புருவோடு பொருந்தாததால் இரண்டு நாள் ஒரு செய்தியும் போய்ச் சேரவில்லை. மென்பொருளின் பதிவேட்டிலோ எல்லாம் 'அனுப்பப்பட்டது' என்றே இருந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையின்போது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்த நாள்களில் வரிசையில் தேங்கிய செய்திகள், சமிக்ஞை திரும்பியதும் ஒட்டுமொத்தமாக வந்து கொட்டின. இரண்டு நாள் பழைய அலாரத்துக்காக ஒருவர் தண்ணீரில் நடந்து ஆலைக்கு வந்தார். செய்தியின் செல்லுபடி நேரம் என்ற அமைவு சுழியாக, அதாவது எல்லையற்றதாக, இருந்ததே காரணம். இப்போது 15 நிமிடம்.

சேவையை ரீஸ்டார்ட் செய்யும்போது நிலைநிற்கும் அலாரங்கள் புதியவைபோல் மறுபடி எழாமல் இருக்க, நிலைக் கோப்பு ஒன்றின் பாதையைக் கொடுக்க வேண்டும். பாதையை முழுமையாகக் கொடுங்கள். அரைகுறையாகக் கொடுத்தால் விண்டோஸ் சேவைகள் வழக்கமாக சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து ஓடுவதால் கோப்பு அங்கே போய் உட்காரும். அலாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் கால வரம்பை எட்டு மணி நேரம், அதாவது ஒரு ஷிஃப்ட் என்று வைத்திருக்கிறோம்.

கடைசியாக, குறிப்புரைகள். ஒவ்வொரு மதிப்புக்குப் பக்கத்திலும் ஏன் மாற்றினோம், எப்போது, யார் என்று ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். மென்பொருளின் அமைவுத் திரையைத் திறந்து 'சேமி' என்று ஒருமுறை அழுத்தினால் அந்த வரிகள் அத்தனையும் அழிந்துபோகும். கோப்பைத் தன் பாணியில் திரும்ப எழுதிவிடும். 2021-இல் ஒருமுறை அப்படி இழந்து, பழைய பேக்கப்பிலிருந்து மீட்டோம். அன்றிலிருந்து அமைவுத் திரையை யாரும் தொடக்கூடாது என்று கன்ட்ரோல் ரூமில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கோப்பு, ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றோடு சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. இந்த ஆண்டும் உரிமத்தைப் புதுப்பித்தோம். சேவை தானாக நின்றதாக நினைவில்லை, கோப்பைத் திறந்து படிக்க முடிகிறது. எனக்கு அது போதும்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பொறியாளர் கோப்பைப் படித்துக்கொண்டே வந்தவர், "இதென்ன சார், 23 நொடி? 20-உம் இல்ல, 25-உம் இல்ல" என்றார். பக்கத்து வரியைக் காட்டினேன்: 'இரண்டாம் பம்ப் தொடங்கினால் 18 நொடி அலை. கடிகாரத்தில் பார்த்தது. ஆகஸ்ட் 2020.' அந்தப் பம்ப்பைப் போன ஆண்டே மாற்றிவிட்டார்கள் என்றார் அவர். அலையை மறுபடி அளக்க வேண்டும். வரும் வாரம் பம்ப் நிறுத்தத்தின்போது அவரையே கடிகாரத்தோடு அனுப்புகிறேன்.